அணங்கும் தலைமையும் ஒன்றாகும் களம்: அமெரிக்க அச்சநகைப் புதினங்களில் கடைப்பணி

ஆய்வுச் சுருக்கம்

கடைகளிலும் துரித உணவகங்களிலும் பணியாற்றும் இளைஞர்கள் பேய்களையும் பிற அணங்குகளையும் எதிர்கொள்ளும் கதைகள் அண்மைக்கால அமெரிக்க ஆங்கிலப் புனைவில் இடம்பெற்று வருகின்றன. அச்சமும் நகையும் ஒருங்கே தோன்றுமாறு எழுதப்பட்ட இத்தகைய புதினங்கள் பெரும்பாலும் பொழுதுபோக்கு நூல்களாகவே மதிப்பிடப்படுகின்றன. லிஷ் மெக்பிரைடு, கிரேடி ஹெண்ட்ரிக்ஸ், நினோ சிப்ரி ஆகியோரின் மூன்று படைப்புகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இப்புதினங்களில் அணங்கு கடைக்கு வெளியிலிருந்து வரும் பகையன்று. கடை ஏற்கெனவே ஊழியரிடம் கோரிய பணிவையும் மாற்றத்தகு தன்மையையும் அது இறுதி எல்லை வரை கொண்டு செல்கிறது என்பது கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: இளையோர் புதினம், அச்சநகை, மெய்ப்பாடு, அணங்கு, உணர்ச்சி உழைப்பு, சில்லறை வணிகம்.

முன்னுரை

ஒரு காலத்துச் சமூகம் எதற்கு அஞ்சியது என்பதை அக்காலத்துப் பேய்க்கதைகள் காட்டும். ஐரோப்பிய கோதிக் புதினங்களில் பேய் பழங்கோட்டையில் வாழ்ந்தது. அச்சமுறுவோர் பெரும்பாலும் அங்கு வந்து சேர்ந்த விருந்தினராகவோ, சிறைப்பட்ட பெண்ணாகவோ, சொத்துரிமை உடையவராகவோ அமைந்தனர். 21ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கதைகள் சிலவற்றில் பேய் அறைகலன் விற்பனைக் கூடத்திற்கும் உணவகத்தின் பணிமேடைக்கும் இடம்பெயர்ந்துள்ளது. அச்சமுறுவோரும் மாறியுள்ளனர். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஊழியரே இப்போது அதன் முன் நிற்கின்றனர்.

இந்த மாற்றத்தை விளக்க மூன்று நூல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, 2010இல் வெளிவந்த லிஷ் மெக்பிரைடின் 'ஹோல்ட் மீ க்ளோசர், நெக்ரோமேன்சர்'. இளையோர் புதினமாக வெளியிடப்பட்ட இந்நூல், அறிமுக இளையோர் நூலாசிரியர்களுக்கான வில்லியம் சி. மோரிஸ் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டாவது, 2014இல் வெளிவந்த கிரேடி ஹெண்ட்ரிக்ஸின் 'ஹாரர்ஸ்டோர்'. மூன்றாவது, 2020இல் வெளிவந்த நினோ சிப்ரியின் 'ஃபின்னா' என்னும் குறும்புதினம். பின்னிரண்டும் பொதுவாசகர்க்கென வெளியிடப்பட்டவை. எனினும் வாழ்வில் இன்னும் நிலைகொள்ளாத இளைஞர்களை மையமாகக் கொண்டிருப்பதாலும், முதல் வேலை, வாடகை, முறிந்த உறவு ஆகியவற்றைப் பேசுவதாலும் இளையோர் புதினத்தை ஒட்டி வைத்து ஆராயத்தக்கவை.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

தொல்காப்பியப் பொருளதிகாரம் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறப்பதாக வகுக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியனவும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியனவும் நிலைக்களன்களாம். அச்சத்தின் நிலைக்களன்களுள் வருத்தும் ஆற்றலுடைய அணங்கும், தம்மை ஆளும் இறையும் ஒரே நிரலில் வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. இயற்கை கடந்த ஆற்றலின் முன் தோன்றும் நடுக்கமும், அதிகாரத்தின் முன் தோன்றும் நடுக்கமும் உடலில் ஒரே வகையாக வெளிப்படும் என்னும் உளவியல் அறிவு இவ்வைப்புமுறையில் பொதிந்துள்ளது எனலாம்.

எள்ளல் குறித்துப் பேராசிரியர் தரும் விளக்கமும் இங்குப் பயன்படுகிறது. தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுவதும் என அதனை அவர் இருவகையாகக் கொள்வார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட புதினங்களில் ஊழியரின் நகைப்பு இவ்விரு வகையையும் ஒருசேர உடையது. நிறுவனத்தை எள்ளும் அதே வேளையில், அந்நிறுவனத்தைச் சார்ந்து வாழும் தன்னையும் எள்ளிக்கொள்ளும் நகை அது. இவ்வாறு அச்சமும் நகையும் பிரிக்கவியலாதவாறு பிணைந்த சுவையே இக்கட்டுரையில் 'அச்சநகை' எனக் குறிக்கப்படுகிறது.

கடைப்பணியின் சமூகப் பின்புலம்

இப்புதினங்களின் நகை விளங்க வேண்டுமாயின் அமெரிக்கக் கடைப்பணியின் இயல்பை அறிதல் வேண்டும். மொண்டானா நீங்கலாக ஏனைய மாநிலங்களில், ஒப்பந்தமோ சிறப்புச் சட்டமோ தடுக்காதவரை, காரணம் காட்டாமலே ஊழியரைப் பணிநீக்கம் செய்யலாம் என்பது பொது விதியாக உள்ளது. பணிநேரம் கடைசி நேரத்தில் மாற்றப்படுவதும், விடுப்பு நாளில் திடீரென அழைக்கப்படுவதும் கடை ஊழியர்களின் நீண்டகாலக் குறைகளாகும். சியாட்டில் நகரமும் ஓரிகன் மாநிலமும் பணிநேரத்தை முன்னறிவிப்பது குறித்துத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததே இக்குறைகளின் பரப்பை உணர்த்தும். சியாட்டில் சட்டம் 2017இலும் ஓரிகன் சட்டம் 2018இலும் நடைமுறைக்கு வந்தன.

இவற்றுடன் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு சுமையும் உண்டு. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டு 1983இல் வெளியிட்ட 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்னும் நூலில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து, 'உணர்ச்சி உழைப்பு' என்னும் கருத்தை முன்வைத்தார். ஊதியத்திற்காகத் தன் உணர்ச்சியை அடக்கியோ வரவழைத்தோ குறிப்பிட்ட முகபாவத்தைப் பிறர்க்குக் காட்டுவதே இவ்வுழைப்பாகும். கடை ஊழியர் விற்கும் பொருள்களுடன் அவரது புன்னகையும் விற்கப்படுகிறது. கொடிய பேயின் முன்னும் அப்புன்னகையைக் கைவிட இயலாத ஊழியர் நகைப்பிற்கும் இரக்கத்திற்கும் ஒருங்கே உரியவராகிறார்.

'ஹாரர்ஸ்டோர்': பொருட்பட்டியலாக அமைந்த பேய்க்கதை

ஹெண்ட்ரிக்ஸின் புதினம் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்துப் பகுதியில் உள்ள 'ஓர்ஸ்க்' என்னும் கற்பனைக் கடையில் நிகழ்கிறது. 1943இல் சுவீடனில் தொடங்கப்பெற்று, 1985இல் பிலடெல்பியாவை அடுத்து முதல் அமெரிக்கக் கடையைத் திறந்த ஐக்கியா நிறுவனத்தின் மலிவுப் போலியாகவே ஓர்ஸ்க் புனையப்பட்டுள்ளது. நூலும் அறைகலன் நிறுவனத்தின் பொருட்பட்டியல் நூலைப் போன்றே வடிவமைக்கப்பட்டுள்ளது. அதில் கடையின் வரைபடமும் பொருள்களின் படங்களும் விளக்கங்களும் உண்டு. தொடக்க இயல்களுக்கு முன் வரும் படங்கள் சாய்விருக்கை முதலிய இயல்பான பொருள்களைக் காட்டுகின்றன. கதை வளர வளர, அதே இன்மொழி விளம்பரங்களின் கீழ் வதைக் கருவிகள் இடம்பெறத் தொடங்குகின்றன. பொருள் மாறிய பின்னும் விளம்பரத்தின் தொனி சற்றும் மாறுவதில்லை. நூலின் அச்சநகை முழுவதற்கும் இம்மாறாத் தொனியே ஊற்றாகும்.

கதைத்தலைவி ஏமி வாடகைப் பாக்கியில் தவிப்பவள். பதவி உயர்வுக்கான தேர்வில் தோற்றவள். கடையில் ஒவ்வொரு காலையும் பொருள்கள் சேதமுற்றுக் கிடக்கின்றன. துணை மேலாளர் பேசில், ஏமியையும் நீண்டகால ஊழியரான ரூத் ஆனையும் கூடுதல் ஊதியத்திற்கு இரவுக்காவல் இருக்க அழைக்கிறான். பேயைப் படம்பிடித்துத் தொலைக்காட்சியில் புகழ்பெற விரும்பும் மேட், டிரினிட்டி என்னும் சக ஊழியர் இருவரும் இரகசியமாக உள்ளே தங்குகின்றனர்.

கதையின் போக்கு அச்சத்தின் நிலைக்களன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. சேதத்திற்குக் காரணம் வெளியிலிருந்து நுழையும் கள்வர் என்றே முதலில் ஐயுறுகின்றனர். தேடும்போது கிடைப்பவன் கார்ல் என்னும் வீடற்ற மனிதன். இரவில் தங்க இடமின்றிக் கடைக்குள் ஒளிந்திருப்பவன். பின்னர் ஆவியழைப்பு நிகழ்கையில், அவன் உடலுள் ஜோசையா வொர்த் என்னும் அணங்கு புகுகிறது. கடை எழுந்துள்ள நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய சிறையின் தலைமைக் காவலன் அவன். ஆகவே கள்வர் என ஐயுற்றது அணங்காகி, அணங்கு ஈற்றில் இறையாக வெளிப்படுகிறது. வொர்த் கொன்று குவிக்கும் வெறியன் அல்லன். முடிவற்ற, பயனற்ற உழைப்பால் மனிதரைத் திருத்தலாம் என உறுதியாக நம்பும் நிர்வாகி அவன்.

இக்கற்பனைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. எல்லாக் கைதிகளையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் பனாப்டிகான் சிறைத் திட்டத்தை ஜெரமி பெந்தாம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்மொழிந்தார். வொர்த்தின் சிறையும் அப்பெயரையே தாங்கியுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் வில்லியம் கியூபிட் வடிவமைத்த மிதிசக்கரம் ஆங்கிலேயச் சிறைகளில் பரவியது. கைதிகள் நாள் முழுதும் படியேறியும் எங்கும் சென்றடையாத கருவி அது. மிஷல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறை பற்றிய நூலில், சிறையின் ஒழுங்குமுறை ஆலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பரவியதை விளக்கினார். அந்நிரலில் கடையையும் ஹெண்ட்ரிக்ஸ் சேர்த்துவிடுகிறார் எனலாம்.

வாங்குவோரை வளைத்து வளைத்து இட்டுச்செல்லும் ஓர்ஸ்கின் நடைவழி இரவில் திசையறிய முடியாத சிறைத் தாழ்வாரமாகிறது. ஆனால் பகலிலும் அது மனிதரைத் திசைமயங்கச் செய்யவே அமைக்கப்பட்டது என்பதை நூல் முன்னரே கூறிவிடுகிறது. வணிக வளாகத்தின் அமைப்பில் மயங்கி, வந்த நோக்கத்தை மறந்து பொருள் வாங்கும் நிலையை, கட்டடக்கலைஞர் விக்டர் குரூயன் பெயரால் 'குரூயன் மாற்றம்' என வழங்குவர். ஹெண்ட்ரிக்ஸின் பேய் இந்த மயக்கத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. ஏற்கெனவே கட்டப்பட்ட ஒன்றைப் பயன்படுத்திக்கொள்கிறது.

பேசிலின் பாத்திரம் தனித்து நோக்கத்தக்கது. நிறுவனத்தின் முழக்கங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் அவன் தொடக்கத்தில் எள்ளலுக்கு உரியவனாகக் காட்டப்படுகிறான். இடர் வந்தபோது, தன் பொறுப்பில் உள்ளோரைக் கைவிட மறுப்பவனும் அவனே. எனவே புதினம் மேலாளர் என்னும் தனிமனிதரைப் பேயாக்கவில்லை. ஊழியருக்கும் மேலாளருக்கும் மேலே நின்று இருவரையும் இயக்கும் நிர்வாகத் தருக்கமே அணங்காகிறது.

'ஃபின்னா': மாற்றத்தகு மனிதர்

சிப்ரியின் குறும்புதினத்தில் பேய்ச்சிறை இல்லை. பல்லண்டங்களுக்குச் செல்லும் துளைவழிகள் உண்டு. சுவீடிய மொழியில் 'சிறிய உலகம்' எனப் பொருள்படும் 'லிட்டன்வார்ல்டு' என்னும் அறைகலன் கடையில் ஒரு மூதாட்டி காணாமற்போகிறார். ஒரே வகையான காட்சியறைகள் நிறைந்த அக்கடையில் வேற்றுலகங்களுக்கு வழி திறப்பது நிர்வாகம் முன்பே அறிந்த செய்தி. முன்னர் இத்தகைய மீட்புப் பணிக்குப் பயிற்சி பெற்ற குழுவினர் இருந்தனர். செலவுக் குறைப்பில் அக்குழு கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய பயிற்சிப் படம் ஒன்றைக் காட்டி, தேடல் கருவியைக் கையில் கொடுத்து, பணிமூப்பில் கடையராக உள்ள இருவரை மேலாளர் அனுப்புகிறார். அவா, ஜூல்ஸ் என்னும் அவ்விருவரும் அண்மையில்தான் காதல் முறிவுற்றவர்கள். ஒருவரையொருவர் தவிர்க்கப் பணிநேரத்தை மாற்றிக்கொண்டவர்கள். வேறொருவர் வராமையால் விடுப்பு நாளில் அழைக்கப்பட்டவள் அவா.

மேற்குறித்த சட்டங்கள் தீர்க்க முனைந்த அதே குறையிலிருந்து கதை தொடங்குவது தற்செயலன்று. ஊனுண்ணும் நாற்காலிகளும், கூட்டு மனத்துடன் இயங்கும் ஊழியர் திரளும் இவ்விருவரை எதிர்கொள்கின்றன. ஆயினும் கதையின் கொடுந்தருணம் ஒரு விதிமுறையில் உள்ளது. காணாமற்போனவர் உயிருடன் கிடைக்காவிடில், வேறோர் உலகத்தில் வாழும் அவரையொத்த ஒருவரை ஈடாக அழைத்து வரலாம் என நிறுவனம் அனுமதிக்கிறது. குறைபட்ட பொருளுக்கு மாற்றுப் பொருள் தரும் கடைவழக்கம் மனிதருக்கும் நீட்டிக்கப்படுகிறது. வாடிக்கையாளருக்கே இந்நிலை எனின், ஊழியரின் நிலை சொல்லாமலே விளங்கும். ஊனுண்ணும் நாற்காலியைவிட இவ்விதியே வாசகரை அச்சுறுத்துகிறது. அதனை விளக்கும் பயிற்சிப் படத்தின் உற்சாகக் குரலே நகைக்க வைக்கிறது.

2021இல் வெளிவந்த 'டிஃபெக்ட்' இக்கருத்தை மேலும் வளர்க்கிறது. அதே கடையின் மிக விசுவாசமான ஊழியனான டெரக், கடையின் வாகன நிறுத்தத்தில் உள்ள சரக்குப் பெட்டகத்தில் வாழ்கிறான். உயிர்பெற்ற குறைபாட்டு அறைகலன்களை அழிக்கும் குழுவில் சேர்க்கப்படும்போது, அக்குழுவினர் யாவரும் தன்னையே ஒத்த படிகள் என அறிகிறான். ஊழியரும் உற்பத்திப் பொருளே என்னும் உருவகம் இங்கு நேர்ப்பொருளாகிவிடுகிறது.

மெக்பிரைடின் புதினம்: தப்பித்தலின் மற்றொரு வழி

மெக்பிரைடின் கதைத்தலைவன் சாம் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டவன். சியாட்டிலில் துரித உணவகத்தில் வேலை செய்பவன். சலிப்பு நீங்க நண்பர்களுடன் உருளைக்கிழங்கை வைத்து அவன் ஆடும் விளையாட்டில், டக்ளஸ் என்பவரின் கார் விளக்கு உடைகிறது. டக்ளஸ் இறந்தோரை எழுப்பும் ஆற்றல் கொண்ட கொடியவர். அதே ஆற்றல் சாமிடமும் உறங்குவதை அவர் கண்டுகொள்கிறார். கொல்லப்பட்ட தோழியின் தலை பெட்டியில் வந்து சேர்வதும், அத்தலை முன்போலவே துடுக்காகப் பேசுவதும் நூலின் அச்சநகைக்குச் சிறந்த சான்றுகளாகும். இளமையும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன்களாவதை இந்நூலில் தெளிவாகக் காணலாம்.

எனினும் உழைப்பு குறித்த வினாவில் இந்நூல் மற்றவற்றினின்று விலகுகிறது. சாம் விடுதலை பெறுவது அவனுள் மறைந்திருந்த பிறவி ஆற்றலால். இறுதியில் டக்ளஸின் உடைமைகள் அவனுக்கே வந்து சேர்கின்றன. ஊழியன் உரிமையாளனாகிறான், உணவகமும் அங்கு எஞ்சிய வேலையும் கதையின் பின்னணிக்கு நகர்ந்துவிடுகின்றன. சிறப்பாற்றல் அற்ற ஊழியர் என்ன செய்வது என்னும் வினாவிற்கு இங்கு விடையில்லை.

முடிவுகளின் ஒப்பீடு

'ஃபின்னா'வில் அவா வேலையைத் துறக்கிறாள். மீட்பரின் தகுதியை அவளுக்கு அளித்தது பிறவி ஆற்றலன்று. ஜூல்ஸ் மீது எஞ்சியிருந்த பரிவே. 'ஹாரர்ஸ்டோர்' வேறொரு முடிவைத் தேர்கிறது. உயிர்தப்பிய ஏமி அவ்விடத்தை விட்டு விலகிச் செல்லலாம். ஆனால் சக ஊழியர்கள் உள்ளே சிக்கியுள்ளனர். அதே கட்டடத்தில் குழந்தைப் பொருள்கள் விற்கும் புதிய கடை திறக்கப்படும்போது, அவர்களைத் தேடுவதற்காகவே அவள் அங்கு வேலைக்குச் சேர்கிறாள். பேசிலும் அவ்வாறே வந்து நிற்கிறான். எதிலும் பற்றற்றிருந்த ஒருத்தி முதன்முறையாகத் தானே விரும்பி ஏற்கும் பணி அது. அப்பணிக்கு ஊதியம் அளிப்பவர் எவருமில்லை.

மூன்று முடிவுகளும் இளம் வாசகருக்கு மூன்று பாடங்களை உணர்த்துகின்றன. தனித்திறனால் மேலேறுதல் ஒன்று. விலகிச் செல்லுதல் மற்றொன்று. உடன் உழைத்தோர்க்காகத் திரும்பி வருதல் பிறிதொன்று. மூன்றாம் வழியில்தான் பணியிட உறவு நிறுவனத்தின் முழக்கமாக அன்றி, மனிதரின் பிணைப்பாக மதிக்கப்படுகிறது.

இவ்வகைப் படைப்புகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. நகைப்பு தாங்கவியலாததைத் தாங்கச் செய்கிறது. அதனாலேயே மாற்றத்திற்கான வேகத்தைத் தணிக்கவும் கூடும். கடையை எள்ளும் 'ஹாரர்ஸ்டோர்' பொருட்பட்டியலின் அழகால் கவர்ந்து கடைகளில் விற்கப்படும் பண்டமாகவும் இருக்கிறது. எனினும் இம்முரணை மறைக்காமல் தன் வடிவத்திலேயே வெளிப்படையாக ஏந்தியிருப்பது அந்நூலின் நேர்மை எனக் கொள்ளலாம்.

முடிவுரை

காரல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மூலதனத்தைக் குருதி குடிக்கும் பேய்க்கு ஒப்பிட்டார். அவரிடம் உவமையாக நின்றது, இப்புதினங்களில் கதைமாந்தராக நடமாடுகிறது. அவ்வணங்கு கடையின் மொழியைப் பேசுகிறது; கடையின் நடைவழியைப் பயன்படுத்துகிறது; கடையின் விதிகளையே செயற்படுத்துகிறது. அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் தனித்தனியே எண்ணிய அணங்கும் இறையும் இங்கு ஓருருவாகின்றன. நகையும் இவ்விணைவிலிருந்தே பிறக்கிறது. உயிருக்கு இறுதி நேர்ந்த வேளையிலும் மேலாளர் என்ன சொல்வாரோ என எண்ணும் ஊழியரைக் கண்டு வாசகர் நகைக்கிறார். அவ்வெண்ணம் தமக்கும் அயலானதன்று என உணரும்போது அந்நகை அச்சமாகிறது. இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் இடைப்பட்ட அந்நொடியை ஆராய மெய்ப்பாட்டியல் இன்றும் ஏற்ற கருவியாக உள்ளது. இளையோர்க்கான இத்தகைய நூல்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்காது, உழைப்பு குறித்த இலக்கியத்தின் பகுதியாகக் கொண்டு ஆராய்வது பயன்தரும்.